வலை இறங்கட்டும்: ட்ரபோக்கோ உரிமம் பற்றி ஒரு திறந்த மடல்

எங்கள் கடற்கரை ஊரின் நகரசபை உறுப்பினர்களுக்கும், ட்ரபோக்கோ என்ற மர மீன்பிடி மேடைகளுக்கு உரிமம் வைத்திருக்கும் முதலாளிமாருக்கும்,

துறைமுகத்து அறிவிப்புப் பலகையில் போன வாரம் நீங்கள் ஒட்டிய மூன்று பக்கக் காகிதத்தை நின்று வாசித்தேன். வாகனம் எங்கே நிறுத்தலாம், குப்பையை எத்தனை மணிக்கு வெளியே வைக்கலாம், இரவு எத்தனை மணி வரை பாட்டுப் போடலாம் என்று போய்க்கொண்டே இருந்தது. இரண்டாம் பக்கத்தின் நடுவில் ஒரு வரி கிடந்தது. ட்ரபோக்கோ உரிமத்தைப் புதுப்பிக்க, வலையும் அதைத் தூக்கும் பொறியும் வேலை செய்யும் நிலையில் இருக்க வேண்டும் என்று இதுவரை இருந்த நிபந்தனை நீக்கப்படுகிறது. இனி ‘பாரம்பரியத் தோற்றம்’ பேணப்பட்டால் போதும்.

அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடல். குப்பை விஷயத்தில் எனக்கு உங்களோடு சண்டை இல்லை.

நான் இந்த ஊரில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். பலேர்மோவில் மூன்று வருடம் வீடு துடைத்துவிட்டு 2011இல் இங்கே வந்தேன். அதற்கு முன் யாழ்ப்பாணத்துக் கடற்கரை. வந்த நாளிலிருந்து ட்ரபோக்கோ மேல் நடக்கும் சாப்பாட்டுக் கடையின் சமையற்கட்டில்தான் வேலை. முதலில் தட்டுக் கழுவினேன், அப்புறம் மீன் வெட்டினேன், இப்போது அடுப்பு என் பொறுப்பு. இதை முதலில் தமிழில் எழுதுகிறேன். இத்தாலிய மொழியில் எழுத உட்கார்ந்தால், உங்கள் அலுவலகத்துக்குரிய மரியாதைச் சொற்களை அடுக்கி முடிப்பதற்குள் வந்த கோபம் ஆறிவிடுகிறது. உங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த என் மகள் மொழிபெயர்த்துத் தருவாள். இரண்டு பிரதியும் உங்கள் கைக்கு வரும். தமிழ்ப் பிரதியை இத்தாலி முழுக்க இருக்கும் எங்கள் ஆட்களும் வாசிப்பார்கள். உங்கள் கடற்கரைச் சாப்பாட்டுக் கடைகளின் பின்கதவுக்குப் பக்கத்தில் நிற்பவர்களில் அவர்களும் உண்டு.

அவர்களில் இத்தாலியின் கிழக்குக் கடலான இந்த அட்ரியாட்டிக் பக்கம் வராதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். பாறைக் கரையிலிருந்து கடலுக்குள் நீளும் ஓர் ஒடுங்கிய பலகைப் பாலம். அதன் முடிவில், கடலடிப் பாறையில் ஊன்றிய மரக்கால்களின் மேல் ஒரு தட்டு, தட்டின் மேல் ஒரு சின்னக் குடில். அங்கிருந்து கடலை நோக்கி நீண்ட கம்பங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றில் கப்பிகள், கப்பிகளில் ஓடும் கயிறுகளில் ஒரு பெரிய வலை. வலையைத் தட்டையாக அடிவரை இறக்கிவிட்டுக் காத்திருப்பார்கள். மீன் அதற்கு மேல் வந்ததும் தட்டில் உள்ள உருளையைச் சுற்றித் தூக்குவார்கள். படகு வேண்டாம், கடலில் கால் நனைக்கவும் வேண்டாம். கொச்சியில் சீனவலை பார்த்தவர்களுக்கு உடனே பிடிபடும். ஆனால் அங்கே கல்லைக் கட்டித் தொங்கவிட்டு வலையின் பாரத்தைச் சமன் செய்கிறார்கள். இங்கே நெஞ்சைக் கொடுத்துச் செக்கு மாதிரிச் சுற்ற வேண்டும்.

ஒன்று என்றால் ட்ரபோக்கோ, பல என்றால் ட்ரபோக்கி. தெற்கே கார்கானோவில், பெஸ்கிச்சி, வியெஸ்தே பக்கம், ட்ரபூக்கோ என்பார்கள். இங்கே அப்ரூட்சோ மாநிலத்தில் ஓர்தோனாவிலிருந்து சான் சால்வோ வரை உள்ள கரைக்கே ட்ரபோக்கி கரை என்றுதான் பெயர். வரைபடத்திலும் சாலைப் பலகையிலும் மது போத்தலின் ஒட்டுத்தாளிலும் அந்தப் பெயரைப் போட்டுத்தான் விற்கிறீர்கள்.

உங்கள் சுற்றுலாக் கையேடுகளில் கவிஞர் தனுன்சியோ தவறாமல் வந்துவிடுவார். 1889 கோடையில் இந்தக் கரையில் உள்ள சான் வீட்டோவில் தங்கியிருந்தார், ட்ரபோக்கோவைப் பார்த்தார், எழுதினார், எல்லாம் சரி. அவர் அதை ‘மீன்பிடி இயந்திரம்’ என்றுதான் எழுதினார் என்பதை யாரும் கவனிப்பதில்லை. இயந்திரம் என்றால் ஓட வேண்டும். கையேடு எழுதுகிறவர்கள் அவருடைய உவமைகளை எடுத்துக்கொண்டு இயந்திரத்தை விட்டுவிட்டார்கள். உங்கள் அறிவிப்பும் இப்போது அதையே செய்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த ட்ரபோக்கோவில் அப்போது ஒரு பெரியவர் இருந்தார். முதலாளி இல்லை, முதலாளிக்கு முந்திய காலத்து ஆள். இங்கே வயதான ஆண்களைப் பெயருக்கு முன்னால் ‘ட்சீ’ போட்டுக் கூப்பிடுவார்கள். எங்கள் ஊரில் ‘அப்பு’ என்போம், அது மாதிரி. மேலே மேட்டில் அவருக்குக் கொஞ்சம் திராட்சை, கொஞ்சம் ஒலிவ மரம். கீழே இந்த மேடை. இந்தக் கரையில் பலருக்கும் அப்படித்தான் இருந்தது என்பார். மண்ணில் வேலை இல்லாத நாளில் கடல், கடல் கொடுக்காத நாளில் மண்.

விடிய முன்னமே வந்துவிடுவார். பலகைப் பாலத்தில் கால் வைப்பதற்கு முன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். ஜனவரியிலும் அப்படித்தான். ஏதாவது நேர்த்திக்கடனாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஆறு மாதம் கழித்துத்தான் கேட்டேன். “காலுக்குத் தெரியும்” என்றார். எந்தப் பலகை நேற்றைவிட அதிகம் ஆடுகிறது, எந்தக் காலில் கட்டுத் தளர்ந்திருக்கிறது என்பதை உள்ளங்காலால் பார்த்துக்கொண்டே நடந்திருக்கிறார். தட்டுக்கு வந்து சேர்வதற்குள் அன்றைய வேலை என்ன என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.

கட்டு என்றேன். இந்த மேடைக்கு உயிர் அதில்தான். கம்பமும் குறுக்குமரமும் சேரும் இடத்தில் இரும்புக் கம்பியைச் சுற்றி, நடுவில் ஒரு முளையை விட்டு முறுக்கி இறுக்குவார். ஒரு முறுக்குக் கூடினால் அலை அடிக்கும்போது மரம் வளையாமல் முறியும். ஒரு முறுக்குக் குறைந்தால் மரமும் மரமும் உராய்ந்து தேயும். எவ்வளவு என்று கேட்டால் சொல்லத் தெரியாது, கம்பியை விரலால் சுண்டிக் காட்டுவார். வீணையில் சுருதி பார்க்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். நான் மூன்று குளிர்காலம் பக்கத்தில் நின்று சுண்டிச் சுண்டிப் பழகினேன். இன்றைக்கும் அந்தச் சத்தம் எனக்குப் பாதிதான் பிடிபடும்.

மரத்துக்கு இங்கே எல்லோரும் சொல்லும் பெயர் அக்காசியா. உண்மையில் அது ரொபீனியா. உப்புத்தண்ணீரில் லேசில் உளுத்துப்போகாது. கார்கானோவில் அலெப்போ பைன். கரையோரமாக ரயில் பாதை வந்தபிறகு, வேண்டாம் என்று எறிந்த தண்டவாளத் துண்டும் கம்பியும் மரத்தோடு சேர்ந்துகொண்டன. ஒவ்வொரு குளிர்காலமும் கடல் எதையாவது பிய்த்துக்கொண்டு போகும், இவர்கள் எதையாவது வைத்துக் கட்டுவார்கள். அதனால் ஒரு ட்ரபோக்கோவின் வயது என்ன என்று கேட்பதில் பெரிய பொருள் இல்லை. அதில் பழைய மரம் ஏதும் மிஞ்சியிருக்காது. கட்டுகிற கைதான் பழையது.

ஒரு நவம்பரில் இரண்டு நாள் விடாமல் வடமேற்குக் காற்று. மூன்றாம் நாள் காற்று விழுந்தது. சாங்ரோ ஆறு சேற்றைக் கொண்டுவந்து கொட்டியதில் கடல் தேத்தண்ணீர் நிறத்தில் கிடந்தது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பெரியவர் கையைத் தேய்த்துக்கொண்டார். “இன்றைக்குத்தான் வலை” என்றார். தெளிந்த தண்ணீரில் மீன் வலையைக் கண்டு விலகிவிடும், கலங்கலில்தான் இரை தேடிக் கரைக்கு வரும். இறக்கினோம். உருளைத் தடிகளில் நான்கு பேர். அவர் குடில் மூலையில் குந்தி, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்த இடத்தில் ஒன்றுமே இல்லை. திடீரென்று ஒரு சத்தம் போட்டார். நாங்கள் தடியில் நெஞ்சை முட்டுக்கொடுத்துச் சுற்றத் தொடங்கினோம். முதல் சுற்று லேசு. வலை தண்ணீரை விட்டுக் கிளம்பும்போது மேடை முழுவதும் ஒருமுறை முனகிக் கடலை நோக்கிக் குனிந்தது. நான் பயந்து தடியை விட்டுவிடப் பார்த்தேன். பக்கத்தில் நின்றவன் என் முதுகில் ஒன்று வைத்தான். வலையின் ஓரங்கள் மேலே வந்தன. நடுப்பள்ளத்தில் மடவை, இரண்டு மூன்று முரல், ஒரு கணவாய். கணவாய் மை கக்கிக்கொண்டே வந்தது. நீண்ட தடியில் கட்டிய சின்ன வலையால் பெரியவர் அள்ளினார். நிறுத்துப் பார்த்தோம், பதினொரு கிலோ. அதைக் கரையில் நின்ற நான்கு வீட்டுக்காரர்கள் அப்போதே வாங்கிக்கொண்டு போனார்கள். மிஞ்சிய முள்மீனை மண்சட்டியில் தக்காளியும் காரமில்லாத பச்சை மிளகாயும் போட்டு, வாஸ்தோ ஊர்க்காரர்கள் ப்ரொதெத்தோ என்ற மீன்குழம்பு வைப்பது மாதிரி வைத்தோம். காரம் போதாது என்று நான் சொன்னதை அவர்கள் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள்.

இப்போது அதே தட்டைப் பாருங்கள்.

ஐந்து வருடத்துக்கு முன் அந்த உருளையைக் கழற்றினார்கள். அது இருந்த இடத்தில் நான்கு பேர் உட்காரும் ஒரு மேசை. நிலா கடலிலிருந்து எழும்புவதை அங்கிருந்து நேராகப் பார்க்கலாம் என்பதால், முதலில் பதிவாவது அந்த மேசைதான். வலையைச் சுருட்டிக் கம்பத்தில் கட்டி, அதில் விளக்குமாலை சுற்றியிருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு வேன் வரும். வெள்ளைத் தெர்மாக்கோல் பெட்டி. உறைந்த இறால், பெட்டியின் பக்கத்தில் அர்ஜென்டினா என்று அச்சடித்திருக்கும். அந்தச் சுருட்டிய வலைக்கு நேர் கீழே வைத்துத்தான் நான் பெட்டியைப் பிரிக்கிறேன், நிழல் அங்கேதான் விழுகிறது. இறாலை நான் குறை சொல்லவில்லை, நல்ல இறால். போன ஆகஸ்ட்டில் எட்டு ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி தன் சாப்பாட்டுத் தட்டைக் காட்டி, “இது இந்த வலையில் பிடித்ததா?” என்று கேட்டாள். பரிமாறும் பையன் என்னைப் பார்த்தான். நான் அடுப்பைப் பார்த்தேன். அவளுடைய அப்பா, “ஆமாம், பின்னே?” என்று பதில் சொல்லி எங்கள் இரண்டு பேரையும் காப்பாற்றினார்.

2023 மே 6ஆம் தேதி ஜிரோ தித்தாலியா சைக்கிள் பந்தயம் இந்தக் கரையில்தான் தொடங்கியது. ஃபொசாச்சேசியாவிலிருந்து ஓர்தோனா வரை 19.6 கிலோமீட்டர், ஒருவர் பின் ஒருவராக. பழைய ரயில் பாதையில் போட்ட சைக்கிள் பாதையில், ட்ரபோக்கி ஒவ்வொன்றாகப் பின்னால் நகர, உலகம் முழுக்கத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, யாழ்ப்பாணத்துக்கு அழைத்துப் பார்க்கச் சொன்னேன். அதற்கு முதல் நாள் முதலாளி எங்களிடம் வந்து, ஹெலிகாப்டரிலிருந்து எடுக்கும்போது வலை விரிந்திருந்தால் அழகாக இருக்கும் என்றார். உருளை இல்லை. கப்பியில் கயிறு இல்லை. கம்பத்தின் நுனிவரை ஏறத் தெரிந்த ஆளும் இல்லை. கடைசியில் இரண்டு பையன்கள் ஏணி வைத்து ஏறி, நைலான் கயிற்றால் வலையைக் கம்பத்தோடு இழுத்துக் கட்டினார்கள். படத்தில் அழகாகத்தான் வந்தது. நீங்கள் சொல்லும் ‘பாரம்பரியத் தோற்றம்’ எப்படி இருக்கும் என்பதை நான் அன்றே கிட்ட நின்று பார்த்துவிட்டேன்.

உங்கள் பக்க வாதங்களும் எனக்குத் தெரியும். கூட்டத்தில் பேசப்பட்டதைக் கடையிலும் பேசிக்கொள்கிறார்கள்.

வலையில் வரும் மீன் கூலிக்குக் காணாது என்கிறீர்கள். உண்மை. ட்ரபோக்கோ மீனை மட்டும் நம்பி இன்று ஒரு குடும்பம் நடத்த முடியாது. அதனால்தான் மேசை போடச் சட்டம் இடம் கொடுத்தது, என் சம்பளமும் அந்த மேசையிலிருந்துதான் வருகிறது. மேசைகளைத் தூக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் ஒன்றை யோசியுங்கள். ஓர் ஆளுக்கு அறுபது யூரோ வாங்குவது மீனுக்காகவா? அதே மீனை சாலைக்கு மேல் பக்கம் இருபத்தைந்துக்குச் சாப்பிடலாம். மிச்ச முப்பத்தைந்தும் மேடைக்கான காசு. மேடை சம்பாதித்துக் கொடுப்பதில் ஒரு பங்கு மேடைக்குப் போவதில் என்ன தவறு?

வலையை இயக்கினால் மேடைக்குப் பாரம், வாடிக்கையாளருக்கு ஆபத்து என்கிறீர்கள். நான் பார்த்தது நேர்மாறு. வலை இறங்கிய காலத்தில் ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் ஒவ்வொரு கட்டையும் தொட்டுப் பார்த்தார். இப்போது வருடத்துக்கு ஒருமுறை, பருவம் தொடங்கும் முன், கையில் கோப்போடு ஒருவர் வருகிறார். சப்பாத்துப் போட்டுக்கொண்டுதான் பாலத்தில் நடக்கிறார்.

2014 கோடையில் சான் வீட்டோவின் தூர்க்கீனோ முனை ட்ரபோக்கோ சரிந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தனுன்சியோவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ட்ரபோக்கோ அதுதான். செய்தி வந்த அன்று எங்கள் பெரியவர் அன்றைய சாப்பாட்டைத் தொடவில்லை. பிறகு அதைத் திரும்பக் கட்டினார்கள், நல்ல காரியம். திரும்பக் கட்ட முடிந்தது, கட்டத் தெரிந்தவர்கள் அப்போது இருந்ததால். இன்னும் இருபது வருடம் கழித்து ஒன்று சரிந்தால் யாரைக் கூப்பிடுவீர்கள்? நம் ஊரின் வடக்கு முனையில் நிற்கும் சின்ன ட்ரபோக்கோவின் பாலம் உடைந்து இரண்டு குளிர்காலம் ஆகிறது. சிவப்பு வெள்ளை நாடா கட்டியதோடு உங்கள் வேலை முடிந்தது. போன பிப்ரவரியில் அந்த நாடாவையும் காற்று கொண்டுபோய்விட்டது.

மூன்றாவது வாதத்தை என் முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. ஆனால் காதில் விழுந்தது. வெளிநாட்டுக்காரனுக்கு இதில் என்ன அக்கறை என்று.

தொரீனோ தி சாங்ரோவின் மேட்டில் உள்ள போர்க் கல்லறைக்கு ஒருநாள் போய்வாருங்கள். 1943 கடைசியிலும் அதற்குப் பின்னும் இந்தப் பக்கம் நடந்த சண்டையில் இறந்து, எரிக்கப்பட்ட ஐந்நூறுக்கும் மேற்பட்ட இந்தியப் படையினரின் பெயர்கள் அங்கே இருக்கின்றன. கடலுக்கு அப்பாலிருந்து வந்து இந்த ஊருக்காக ஏதாவது செய்த முதல் ஆள் நான் இல்லை என்று சொல்ல வருகிறேன், அவ்வளவுதான்.

அப்புறம், அக்கறைக்கு வேறு காரணமும் இருக்கிறது. என் அப்பா யாழ்ப்பாணக் களப்பில் களங்கட்டி வைத்துப் பிடித்தவர். ஆழமில்லாத தண்ணீரில் தடிகளை வரிசையாக ஊன்றி, அடைப்புப் போட்டு, மீனைத் தானாகவே உள்ளே வரவைக்கிற தொழில். அதுவும் மரமும் கட்டும்தான், அதுவும் கடலில் நின்றபடி காத்திருப்பதுதான். போர்க்காலத்தில் கடலுக்குப் போகத் தடை வந்தது, நேரக் கட்டுப்பாடு வந்தது. வருடக்கணக்கில் தடிகள் தண்ணீரிலேயே உளுத்தன. பிறகு தடை ஒவ்வொன்றாக எடுபட்டபோது நான் இத்தாலியில். அப்பா தொலைபேசியில் சொன்னார்: தடி வாங்க உதவிக்காசு கிடைக்கிறது, வலையும் கொடுக்கிறார்கள், ஆனால் எந்த நீரோட்டத்துக்குக் களத்தின் வாயை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரிந்தவர்களில் பாதிப்பேர் இல்லை, மீதிப்பேருக்கு மறந்துபோனது. இளம் பொடியன்கள் ஊன்றிய களத்தில் மீன் ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போனதாம். எங்களுக்குத் தொழில் விட்டுப்போனது குண்டு விழுந்து. உங்களுக்கு ஓர் அறிவிப்பின் இரண்டாம் பக்கத்தில் விட்டுப்போகிறது.

ட்ரபோக்கியை மீட்டெடுத்துப் பேண இந்த அப்ரூட்சோ மாநிலம் 1994இலேயே சட்டம் போட்டது. இந்தக் கரையில் கோஸ்தா தெயாத்தீனா தேசியப் பூங்கா அமைய வேண்டும் என்று 2001இல் நாடாளுமன்றமே சட்டம் போட்டது. பூங்காவின் எல்லை பற்றிய இழுபறி என் மகளின் வயதைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பெரிய விஷயத்தை உங்களிடம் கேட்கவில்லை, அது உங்கள் கையிலும் இல்லை. உங்கள் கையில் இருப்பது உரிம நிபந்தனை. அது ஒரு கையெழுத்து.

நான் கேட்பது இவைதான்.

அந்த வரியைத் திரும்பப் பெறுங்கள். ட்ரபோக்கோ உரிமம் உள்ள ஒவ்வொரு மேடையிலும் வலை, கப்பி, கயிறு, உருளை நான்கும் வேலை செய்ய வேண்டும் என்று பழையபடி எழுதுங்கள். பழைய நிபந்தனையில் இருந்த ஓட்டையையும் அடையுங்கள். வேலை செய்யும் நிலை என்றால் என்ன என்று அதில் சொல்லப்படவில்லை, உருளையைக் கழற்றி மேசை போட்டபோதும் உரிமம் புதுப்பிக்கப்பட்டது அதனால்தான். கடல் அனுமதிக்கும் மாதங்களில் வாரத்துக்கு ஒருமுறையாவது வலை இறங்க வேண்டும், இறங்கிய நாளும் ஏறிய மீனும் ஒரு குறிப்பேட்டில் எழுதப்பட வேண்டும் என்று போடுங்கள். இரண்டு கிலோ வந்தால் இரண்டு கிலோ என்று எழுதட்டும், ஒன்றும் வராவிட்டால் அதையும் எழுதட்டும்.

உருளையைக் கழற்றியவர்கள் அடுத்த பருவத்துக்குள் திரும்ப வைக்க வேண்டும். நான் வேலை செய்யும் இடமும் அதில் சேரும். இதை எழுதுவதால் எனக்கு வேலை போகலாம், தெரிந்துதான் எழுதுகிறேன். முதலாளி கெட்டவர் இல்லை. பக்கத்து மேடைக்காரர் கழற்றினால் இவரும் கழற்றுவார், எல்லோரும் வைக்க வேண்டும் என்றால் இவரும் வைப்பார்.

கட்டுத் தெரிந்த பெரியவர்கள் இந்தக் கரையில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எங்கள் ‘ட்சீ’ இப்போது மகள் வீட்டில், முழங்கால் போய்விட்டது, கை நன்றாக இருக்கிறது. நவம்பர் முதல் மார்ச் வரை, கடைகள் பூட்டிக்கிடக்கும் மாதங்களில், அவர்களுக்குச் சம்பளம் கொடுத்துக் கற்றுக்கொடுக்க வையுங்கள். கற்கிறவர்களுக்கும் அன்றன்றைய கூலி கொடுங்கள், இல்லாவிட்டால் இளைஞர்கள் வரமாட்டார்கள். ஒவ்வொரு மேசைக்கும் நீங்கள் வாங்கும் கட்டணத்தில் ஒரு பகுதியை இதற்கென்று ஒதுக்குங்கள். உங்கள் ஊர்ப் பிள்ளைகள் யாரும் வராவிட்டால் எங்கள் பிள்ளைகள் வருவார்கள். என் மகளின் வகுப்புத் தோழர்கள் இரண்டு பேரிடம் கேட்டுவிட்டேன்.

வடக்கு முனை ட்ரபோக்கோவை இந்தக் குளிர்காலத்துக்கு முன் பிரித்துக் கட்டுங்கள். அதையே பயிற்சிக்களமாக வைத்துக்கொள்ளலாம். அங்கே மேசை போட யாருக்கும் உரிமம் கொடுக்காதீர்கள்.

உணவுப் பட்டியலில் எந்த மீன் இந்த வலையில் பிடித்தது, எது வேனில் வந்தது என்று தனித்தனியாக எழுத வேண்டும் என்று உத்தரவு போடுங்கள். அந்தச் சிறுமி இந்த ஆகஸ்ட்டிலும் வரக்கூடும்.

இந்த மடலுக்கு எழுத்தில் பதில் வேண்டும், அடுத்த கூட்டத்துக்கு முன். கூட்டத்தில் பேச எனக்குப் பத்து நிமிடம் வேண்டும், மகள் பக்கத்தில் நிற்பாள்.

கடைசியாக ஒன்று. தெற்கே இன்னும் உருளை கழற்றாத ஒரு மேடை இருக்கிறது, அதன் உரிமையாளரிடம் பேசிவிட்டேன். அடுத்த முறை காற்று அடித்து ஓய்ந்து கடல் கலங்கும் காலையில் உங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசி வரும். ஐந்து மணிக்கு வாருங்கள். பாலத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு வர வேண்டும். உருளைக்கு நான்கு பேர் தேவை, எங்களிடம் இப்போது இரண்டு பேர் இருக்கிறோம்.

இப்படிக்கு,
ட்ரபோக்கோ சமையற்கட்டிலிருந்து ஒருவன்